கூரை சோலார்: மானியக் கணக்கில் எங்கே சறுக்கும்?

வாசகர் கேள்விகளுக்கு எங்கள் மின்சாரப் பகுதிக் குழுவின் பதில்கள்

கேள்வி (மதுரை): எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 640 யூனிட் ஓடுகிறது. சோலார் போட விலை கேட்டேன். 2 கிலோவாட்டுக்கு 1,45,000, 3 கிலோவாட்டுக்கு 2,00,000, 5 கிலோவாட்டுக்கு 3,10,000 ரூபாய் என்கிறார்கள். "5 போடுங்க சார், மானியம் முழுசா 78,000 கிடைக்கும்" என்று வற்புறுத்துகிறார் விற்பனையாளர். எதைப் போடுவது?

பதில்: 78,000 ரூபாய்க்கு 5 கிலோவாட் வரை போகவே வேண்டாம், 3 கிலோவாட்டிலேயே அது கிடைத்துவிடும். வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் நீங்கள் 10 கிலோவாட் போட்டாலும் மானியம் ஒரு பைசாகூட ஏறாது.

மானியம் போக உங்கள் கையிலிருந்து 2 கிலோவாட்டுக்கு 85,000, 3 கிலோவாட்டுக்கு 1,22,000, 5 கிலோவாட்டுக்கு 2,32,000 ரூபாய் போகும். இனி பில்லைப் பார்ப்போம். 2024 ஜூலையில் திருத்திய வீட்டுக் கட்டணத்தை வைத்து, யூனிட் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 640 யூனிட்டில் முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட் 4.70 வீதம் 1,410. அடுத்த 100 யூனிட் 6.30 வீதம் 630. அதற்கடுத்த 100 யூனிட் 8.40 வீதம் 840. கடைசி 40 யூனிட் 9.45 வீதம் 378. மொத்தம் 3,258 ரூபாய்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் 60 நாளில் 480 யூனிட். நீங்கள் எடுத்த மின்சாரத்திலிருந்து சோலார் தந்ததைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டரில் மீதி 160. அதில் 100 இலவசம், 500 யூனிட்டுக்குள் வந்துவிட்டதால் மீதி 60 யூனிட்டுக்கு 2.35 வீதம் 141 ரூபாய். ஆக, முதல் 2 கிலோவாட் ஒரு பில்லுக்கு 3,117 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 141 ரூபாயை மட்டும்! அதற்காக இன்னும் 37,000 போடுவது சரியா என்று நீங்களே சொல்லுங்கள். 5 கிலோவாட் 1,200 யூனிட் தரும். மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும்தான். ஆனால் ஒவ்வொரு பில்லிலும் மிஞ்சிக்கொண்டே போனால் அந்த வரவை எங்கே கழிப்பது?

சோலார் முதலில் அடிப்பது உங்கள் பில்லின் விலை உயர்ந்த மேல்படியை. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு இது இன்னும் முக்கியம். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 ஆனால் 2,048 ரூபாய் 40 பைசா. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.35 என்ற சலுகை விலை 500ஐத் தாண்டியதும் போய்விடுகிறது. ஒரே யூனிட்டில் 243 ரூபாய் ஏறுவதற்குக் காரணம் அதுதான்.

எனவே எங்கள் ஓட்டு 2 கிலோவாட்டுக்கு. அடுத்த வருடம் இன்னொரு ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் 3 போடலாம். கடைசி இரண்டு ஆண்டு பில்களை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஒரு கோடைப் பில்லை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகமாக வாங்கிவிடுகிறார்கள். நாம் சொன்ன 4 யூனிட்டும் ஆண்டுச் சராசரி. பிப்ரவரி, மார்ச்சில் அதற்கு மேல் வரும். மே மாத வெயிலில் பேனல் சூடேறி உற்பத்தி சற்று இறங்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நன்றாகவே குறையும்.

இன்னொன்று. உங்கள் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவுக்குள்தான் சோலார் இருக்க வேண்டும். 4 கிலோவாட் பளு உள்ள வீட்டில் 5 கிலோவாட் போடப் பளுவைக் கூட்ட வேண்டும், அந்தச் செலவை விலைப்பட்டியலில் யாரும் காட்ட மாட்டார்கள்.

கேள்வி (வேலூர்): 3 கிலோவாட் சோலார் போட்டேன். 78,000 வர வேண்டிய இடத்தில் வங்கியில் 72,600 ரூபாய்தான் ஏறியிருக்கிறது. 5,400 ரூபாயை யார் பிடித்தார்கள்?

பதில்: யாரும் பிடிக்கவில்லை. மாடிக்குப் போய்ப் பேனல்களை எண்ணுங்கள், பின்பக்க ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்றும் பாருங்கள். 540 வாட் பேனல் 5 இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. ஐந்து பேனல் சேர்ந்தால் 2.7 கிலோவாட். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டாக இருந்தாலும், பேனலின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 2 கிலோவாட்டுக்கு 60,000, மீதி 0.7 கிலோவாட்டுக்கு 18,000 வீதத்தில் 12,600. கூட்டினால் சரியாக 72,600 வருகிறது.

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி விற்பனையாளரிடம்: 3 கிலோவாட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு 5 பேனல் ஏன்? ஒப்பந்தத்தில் "3 கிலோவாட்" என்று மட்டும் இருந்தால் இந்த இடத்தில்தான் ஓட்டை. பேனல் எத்தனை, ஒன்று எத்தனை வாட், இன்வெர்ட்டர் எந்த மாடல் என்று எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): நெட் மீட்டர் மாட்டி, ஆய்வும் முடிந்து இரண்டு மாதமாகிறது. மானியம் வரவில்லை. எங்கே போய்க் கேட்பது?

பதில்: முதலில் இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். ஆய்வு முடிந்து இயக்கச் சான்று ஏறிய பிறகு, வங்கி விவரத்தைப் பதிந்து மானியத்துக்கான கோரிக்கையை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தாமலே காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அனுப்பியும் வரவில்லை என்றால் வங்கி விவரத்தைப் பாருங்கள். பழைய பாஸ்புக்கிலிருந்து ஐஎஃப்எஸ்சி எண்ணை எடுத்தீர்களா? சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் 2020இல் சேர்ந்துவிட்டன. அந்தக் காலத்து எண்ணைக் கொடுத்தால் பணம் போய்ச் சேராது. விண்ணப்பம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னே ஓரிடத்தில், பின்னே ஓரிடத்தில் என்றால்கூடச் சிக்கும்.

இவை எல்லாம் சரி என்றால் சிக்கல் பேனலில் இருக்கலாம். மானியம் கிடைக்க அது டிசிஆர் பேனலாக, அதாவது உள்ளே இருக்கும் செல், அவற்றைச் சேர்த்த மாட்யூல் (முழுப் பேனல்) இரண்டுமே இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செல்லை இங்கே கொண்டுவந்து ஒட்டிய பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் கிடையாது. ஒவ்வொரு பேனலுக்கும் வரிசை எண் உண்டு. தேசிய சூரியசக்தி நிறுவனத்தின் டிசிஆர் சரிபார்ப்புத் தளம் இதற்காகவே இருக்கிறது. பேனலை மாடிக்கு ஏற்றும் முன்பே, கீழே அடுக்கியிருக்கும்போது எண்களைப் படமெடுத்து வைப்பது நல்லது. பேனலைத் தாங்கும் சட்டகத்தில் முடுக்கிய பிறகு ஸ்டிக்கரைப் படிக்கத் தரையில் படுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): இபி கார்டு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. நான் விண்ணப்பிக்கலாமா?

பதில்: இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அவசரப்பட்டு அப்பா பெயரிலேயே போட்டால் மானியம் வரும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி (கோவை): லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 10 கிலோவாட் போடலாம் என்று இருக்கிறேன். எனக்கு மானியம் எவ்வளவு?

பதில்: இந்தத் திட்டத்தில் பூஜ்யம். இது வீட்டு இணைப்புக்கு மட்டும். "கம்பெனிக்கும் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் வாசலைக் காட்டுங்கள். உங்களுக்கான சலுகை வருமான வரியில் இருக்கிறது, பெரும்பாலான பட்டறைக்காரர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை.

சோலாருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம், மீதி மதிப்பின் மேல். ஜிஎஸ்டி நீங்கலாக 5 லட்சம் செலவு என்றால் முதல் ஆண்டு 2,00,000, அடுத்து 1,20,000, அடுத்து 72,000 ரூபாயை லாபத்திலிருந்து கழிக்கலாம். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு முதல் ஆண்டில் மட்டும் 60,000 ரூபாய் வரி மிச்சம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் ஆண்டில் பாதிதான். பேனலை மாட்டிய தேதி கணக்கில் வராது, இயங்கத் தொடங்கிய தேதிதான் கணக்கு. செப்டம்பரில் மாட்டி, மீட்டருக்காக நவம்பர் வரை காத்திருந்தால் அந்தப் பாதி போச்சு.

விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டுபவர் என்றால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. வாங்கும் முன் ஆடிட்டரிடம் இதை முதலில் கேளுங்கள்.

ஜிஎஸ்டியில் சோலார் கருவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12க்குப் பதில் 5 சதவீதம். பொருத்தித் தரும் வேலையோடு ஒரே ஒப்பந்தமாகப் போட்டால் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து, சேவைக்கு 18 சதவீதம் போடுவார்கள். மொத்தத்தில் 8.9 சதவீதம். பழைய 13.8 சதவீதத்தில் இன்னும் விலைப்பட்டியல் தருபவர்கள் இருக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று கட்டும் நிலைக்கட்டணம் சோலாரால் குறையாது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது வெளியே போகும் மின்சாரத்துக்கு, நீங்கள் வாங்கும் விலை கிடைக்காது. பகலில் லேத் உண்மையில் இழுக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி (சென்னை): 40 வீடுகள் கொண்ட அடுக்குமாடி. லிஃப்ட், மோட்டார், பொதுவிளக்குக்குச் சோலார் போட்டால்?

பதில்: பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம், அதிகபட்சம் 500 கிலோவாட். உங்களுக்கு உச்சவரம்பு 120 கிலோவாட், அடுக்குமாடியில் வீட்டுக்காரர்கள் தனித்தனியே போட்ட சோலாரும் அதற்குள் அடங்கும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். மொட்டைமாடியில் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் உற்பத்தி இறங்கும்.

கேள்வி (திருநெல்வேலி): சோலார் போட்ட பிறகும் பவர்கட்டில் வீடு இருட்டாகவே இருக்கிறதே?

பதில்: அப்படித்தான் இருக்கும். லைனில் வேலை செய்பவர் மேல் ஷாக் பாயாமல் இருக்க, இபி சப்ளை நின்றதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பகலில் ஏற்படும் மின்வெட்டிலும் இதே கதைதான். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், பேட்டரிக்கென்று தனி மானியம் கிடையாது. த்ரீ ஃபேஸ் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது இணைந்திருக்கும் ஃபேஸில் ஃப்யூஸ் போனால், மற்ற இரண்டு ஃபேஸில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், மாடியில் உற்பத்தி நின்றிருக்கும். வாரம் ஒருமுறை இன்வெர்ட்டர் திரையில் அன்றைய யூனிட்டைப் பாருங்கள்.