மகள் இசையமைப்பாளராக வேண்டும் என்கிறாள்: பாலக்கோட்டுத் தந்தைக்குப் பதில்

பிளஸ் ஒன் படிக்கும் மகள், "ஆர்வோ பேர்ட் மாதிரி மியூசிக் எழுதணும்" என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்ன ஆளையே எடுத்துக்கொள்வோம், ஐயா. 1935-இல் எஸ்டோனியாவில் பிறந்த இசையமைப்பாளர் பேர்ட், இசைக் கல்லூரியில் படிக்கும்போதே வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராகச் சேர்ந்து, 1958 முதல் ஏறக்குறைய பத்து வருடம் சம்பளம் வாங்கியவர். தன் பாணி கைக்கு வந்தது 1976-இல். அப்போது வயது நாற்பது. ஆகவே இருபத்தைந்தில் பெயர் வாங்குவாளா என்று கணக்குப் போட வேண்டாம். ஒலிப்பதிவு, பியானோ கற்பித்தல், மற்றவர்களுக்கு நொட்டேஷன் (இசையைக் குறியீடுகளாக எழுதுவது) எழுதிக் கொடுத்தல் இவற்றில் ஒன்றையாவது அவள் பிழைப்புக்குக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஆசை எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு வீட்டுப்பாடம். பேர்ட்டின் 'டின்டினாபுலி' முறையில் ஒரு குரல் அடுத்தடுத்த ஸ்வரங்களில் ஏறி இறங்கும். இன்னொரு குரல் ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து, chord) மூன்று ஸ்வரங்களைத் தாண்டாது. ஏ மைனர் கார்டின் ஸ்வரங்கள் ஏ, சி, ஈ. அதில் வலது கை ஏ, பி, சி, டி, ஈ என்று ஏறட்டும். இடது கை ஒவ்வொன்றுக்கும் கீழே கிட்டத்தில் இருக்கும் கார்டு ஸ்வரத்தை எடுக்கட்டும்: ஈ, ஏ, ஏ, சி, சி. பி வரும்போதும் டி வரும்போதும் பக்கத்து ஸ்வரம் உரசும். அந்த உரசல்தான் இந்த இசையின் உயிர். இதே விதியில் பதினாறு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் அடித்துத் திருத்தி எழுதினால் விஷயம் இருக்கிறது. வீடியோ பார்ப்பதோடு நின்றால், அது ரசனை. அதுவும் நல்லதுதான்.

வாத்தியத்தில் தப்பு செய்பவர்கள் அதிகம். 61 கட்டை கீபோர்டில் ஆட்டோ ரிதம் போட்டு கிரேடு (தேர்வுப் படிநிலை) ஏறினால், இடது கை கார்டு பிடிக்க மட்டுமே பழகும். இரண்டு குரலைத் தனித்தனியே நடத்த வராது. நிஜப் பியானோ போலக் கட்டைகள் கனமாக அழுந்தும் 88 கட்டை டிஜிட்டல் பியானோ, பழையது கிடைத்தாலும் போதும். ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டும் மேற்கத்திய இசைத் தேர்வு நடத்தும் லண்டன் அமைப்புகள். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு வாசிக்க ஐந்தாம் கிரேடு தியரியோ (எழுத்துத் தேர்வு) அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறு ஐந்தாம் கிரேடோ வேண்டும். டிரினிட்டியில் அப்படியில்லை என்பதால் தியரியைத் தள்ளிப்போடுகிறார்கள். எழுதப் போகிறவளுக்கு அது ஆகாது. ஆசிரியரை ஓசூரிலோ பெங்களூரிலோ தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்தே ரயில் இருக்கிறது, வாரம் ஒரு நாள் போய்வரலாம்.

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியும் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளும் பெரும்பாலும் நம் மரபிசைக்கானவை. காதும் தாளமும் தேறும். சிம்பொனி எழுத்து அங்கே பாடமல்ல. மேற்கத்திய இசைக்குச் சென்னையில் கே.எம். கன்சர்வேட்டரி என்ற இசைப்பள்ளி இருக்கிறது, 2008-இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கியது.

காம்போசிஷன் (இசை எழுதும்) படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சொந்தப் படைப்புகளின் நொட்டேஷனும் ஒலிப்பதிவும் கேட்பார்கள். நொட்டேஷன் எழுதும் மென்பொருள் 'மியூஸ்கோர்' இலவசம், எழுத அது போதும். ஆனால் கம்ப்யூட்டர் எதையும் வாசித்துவிடும், மனிதர் வாசிக்க மாட்டார். வயலினில் நடு சி-க்கு (பியானோவின் நடுவில் வரும் சி) கீழுள்ள ஜி-தான் கடைசி. அதற்கும் கீழே எழுதிவிடுகிறார்கள். புல்லாங்குழலுக்கு மூச்சுவிட இடமே வைப்பதில்லை. பி ஃபிளாட் கிளாரினெட்டில் சி எழுதினால் அதற்குச் சற்றுக் கீழான பி ஃபிளாட் கேட்கும் என்பதை மறக்கிறார்கள். இருபது வாத்தியக் குப்பையைவிட, வயலினும் பியானோவும் மட்டும் வைத்து உயிருள்ள ஆட்கள் வாசித்துப் பதிவு செய்த மூன்று நிமிடம் மேல்.

பிளஸ் டூவை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. எந்த குரூப்பானாலும் சரி. தனியார் டிப்ளமோவை மட்டும் வைத்து, பட்டம் கேட்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குப் போக முடியாது. எனவே கூடவே தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டம் போடுங்கள். பணம் கட்டும் முன், சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு யுஜிசி அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.