தம்பிக்கு வந்த அழைப்பு

வணக்கம் ஐயா. யாங்கோனில் தலைமுறை தலைமுறையாகக் காளி கோயிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. போன மாதம் தம்பி ஒரு கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "இயேசு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்" என்றான். அன்றிலிருந்து குடிப்பதில்லை. ஆனால் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா நீட்டிய கோயில் பொங்கலைத் தள்ளிவிட்டான். திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களும் மறுநாள் பழைய ஆள்தான். இதுவும் அப்படித்தானா? நீங்கள் கிறிஸ்தவர் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, யாங்கோன்

அன்புள்ள சகோதரி,

முதல் மாதத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது. கூப்பிட்ட குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. மற்றவர்கள் பார்க்க முடிவது அதற்கப்புறம் அவன் வாழ்வதைத்தான். எங்கள் சபைகளில் அந்தப் பொறுமை கிடையாது. ஒருவன் அழுதால் போதும், அடுத்த ஞாயிறே தான் மாறிய கதையைச் சாட்சியாகச் சொல்ல மைக்கைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பர்மாவின் பழைய மிஷனரிகள் அவ்வளவு அவசரப்படவில்லை. 1813இல் வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். பர்மாவின் கரேன் என்ற இனத்தாரில் முதலில் கிறிஸ்தவரானவர் கோ தா பியூ. கொள்ளைக்காரர். சுமார் 30 கொலைகளில் பங்கு உண்டு என்று அவரே சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடனுக்கு அடிமையாகக் கிடந்தவரை ஒரு பர்மியக் கிறிஸ்தவர் பணம் கட்டி மீட்டார். பிறகு ஜட்சனிடம் வந்து சேர்ந்தார். வேதத்தை நம்பிய பிறகும் அவருடைய முன்கோபம் அடங்கவில்லை. அதனாலேயே ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார்கள். போர்ட்மன் என்ற மிஷனரியோடு தெற்கே தவாய் ஊருக்குப் போன பிறகு, 1828 மே மாதம்தான் கிடைத்தது. அதற்கப்புறம் மனிதர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. 1840இல் சாகும்வரை கரேன் கிராமங்களே அவருக்கு வீடு. பெரிய படிப்பாளியும் இல்லை, கடைசிக் காலத்தில் உடம்பும் முடங்கிவிட்டது. இன்று கரேன்களில் இத்தனை பேர் கிறிஸ்தவர்களாக இருப்பதற்கு முதல் ஆளாக அவரைத்தான் சொல்கிறார்கள்.

அவர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த நாட்களில் யாராவது பார்த்திருந்தால், உங்களைப் போலத்தான் கேட்டிருப்பார்கள். கேட்டதில் தப்பும் இல்லை.

இயேசுவின் சீடர்களைத் துன்புறுத்திவந்து, பிறகு அவரையே நம்பிய பவுலுக்கும் இதே கதைதான். தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளி, குரல் என்று எல்லாரும் அதையே பிரசங்கிக்கிறார்கள். ஆனால் அவர் முதலில் போனது அரபி தேசத்துக்கு. எருசலேமுக்குப் போக மூன்று வருஷம் ஆனது. போனபோதும் சீடர்கள் நம்பாமல் பயந்தார்கள். பர்னபா என்ற சீடர் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டியிருந்தது.

சரி, தம்பி விஷயம். குடியை விட்டது சின்ன விஷயமில்லை, அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பொங்கலைச் சாப்பிட மறுக்க அவனுக்கு உரிமை உண்டு, அம்மா கையைத் தள்ளிவிட இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவனுடைய போதகர். நீங்களே நேரில் போய் நடந்ததைச் சொல்லுங்கள், கோபப்படாமல். ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்திருந்தால், கொஞ்ச காலம் தள்ளிப்போடும்படி கேட்டுப்பாருங்கள். நல்ல போதகராக இருந்தால் ஒத்துக்கொள்வார். அதுவரை கோயில் பிரசாதத்தை அவன் தட்டில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.