ஆங்கில இலக்கியம் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. எழுதுவதில் ஆர்வம் உண்டு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுக்க ஆசை. 'அதைப் படிச்சா வாத்தியார் வேலை, இல்லாட்டி வீட்டுல உட்கார வேண்டியதுதான்' என்கிறார் அப்பா. இலக்கியம் எடுப்பதா, எழுத்துப் பயிற்சிக்கென்றே உள்ள படிப்பில் சேர்வதா? முடித்தபின் உண்மையில் என்ன வேலை கிடைக்கும்?

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. மருத்துவம் மாதிரி இந்தப் பட்டத்தோடு ஒரு தொழில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஆனால் தெளிவாக எழுதத் தெரிந்தவரை, அதைவிட அடுத்தவர் எழுதியதைச் சரியாகப் படித்துத் திருத்தத் தெரிந்தவரைத் தேடும் வேலைகள் நிறைய உண்டு. அந்த விளம்பரங்களில் 'இலக்கியம்' என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. அதனால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. காப்பி எடிட்டர், டெக்னிக்கல் ரைட்டர், யுஎக்ஸ் ரைட்டர் (செயலியின் திரையில் வரும் வாசகங்களை எழுதுபவர்) என்று தேடிப் பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

முதலில் படிப்பைப் பற்றி. நாவல் வாசித்து ரசிப்பதுதான் இலக்கியப் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தால் முதல் வருடமே சலித்துவிடும். கேம்பிரிட்ஜில் 1920-களில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். கெட்டிக்கார மாணவர்களே மோசமாகத் தப்பர்த்தம் செய்துகொண்டார்கள். பெயர் பெற்ற கவிகளின் கவிதைகளை மட்டம் தட்டினார்கள். அந்த முடிவுகள் 1929-ல் புத்தகமாக வந்தன. வரிவரியாக நின்று படிக்கும் முறை வகுப்பறையில் வேரூன்ற அது ஒரு முக்கியக் காரணம். இன்றும் நல்ல வகுப்பில் அதுதான் நடக்கிறது. 'இந்தக் கதைசொல்லியை நம்ப முடியாது' என்று கட்டுரையில் எழுதினால், 'எந்த வரியை வைத்து?' என்று ஓரத்தில் கேள்வி வரும். வரியைக் காட்டினால், 'இதற்கு வேறு அர்த்தம் கிடையாதா?' என்று அடுத்த கேள்வி. இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு ஒப்பந்தமோ ஆய்வறிக்கையோ எதைக் கொடுத்தாலும், எங்கே ஆதாரம் இல்லாமல் பேசுகிறார்கள் என்பது கண்ணில் பட்டுவிடும்.

எழுத்துப் பயிற்சிப் படிப்பு வேறு வகை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936-ல் தொடங்கிய பட்டறைதான் பலருக்கு முன்மாதிரி. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-ல் தொடங்கியது. நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். இந்த வகைப் பட்டறையின் வழக்கமான முறை: உங்கள் கதையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து உங்கள் முன்னாலேயே அலசுவார்கள், அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. 'நான் சொல்ல வந்தது அது இல்லை' என்று குறுக்கிட முடியாது, ஏனென்றால் வாசகர் வீட்டுக்கெல்லாம் கூடவே போய் விளக்கம் சொல்ல முடியாது. நல்ல பயிற்சிதான். ஆனால் இளங்கலைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பட்டறையில் கிடைக்கும் விமர்சனம், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எவ்வளவு படித்திருக்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் இருக்கும். இளங்கலையில் இலக்கியம், கூடவே கிடைக்கும் எழுத்துப் பாடங்கள். ஆசை குறையாமல் இருந்தால் முதுகலையில் எழுத்துப் பயிற்சி. என் யோசனை இதுதான்.

சரி, வேலை. யுஎக்ஸ் ரைட்டர் என்கிறார்களே, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பணம் அனுப்பும் செயலி ஒன்றில் 'பிழை ஏற்பட்டது. மீண்டும் முயலவும்' என்று ஒரு செய்தி வருகிறது. இலக்கணப்படி இதில் குறையே இல்லை. ஆனால் திரையைப் பார்ப்பவர் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்று: என் பணம் போய்விட்டதா? எழுதுபவர் புரோகிராமரிடம் போய்க் கேட்கிறார். விசாரித்தால் அந்த ஒரே செய்தி மூன்று நிலைமைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது: ஒன்று, பணம் கணக்கை விட்டே கிளம்பவில்லை; இரண்டு, கிளம்பிவிட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை; மூன்று, சேர்ந்துவிட்டது, தகவல்தான் திரும்பி வரவில்லை. கடைசி இரண்டில் 'மீண்டும் முயலவும்' என்பது ஆபத்தான அறிவுரை, பணம் இரண்டு முறை போய்விடலாம். ஆக ஒரு செய்தி மூன்றாகிறது. முதலாவது, 'பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. மறுபடி அனுப்பலாம்.' மற்ற இரண்டும் 'இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம்' என்று தொடங்குகின்றன. யார் பேசுகிறார், கேட்பவருக்கு என்ன தெரியும், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று நாவலை வைத்துக் கேட்ட அதே கேள்விகள்தான்.

டெக்னிக்கல் ரைட்டரும் இதற்கு நெருங்கிய உறவு. மென்பொருளுக்கோ மருத்துவக் கருவிக்கோ கையேடு எழுதுபவர். இங்கே இன்னொரு துறை அறிவு கண்டிப்பாக வேண்டும். அதனால்தான் இலக்கிய மாணவர்களிடம் நான் விடாமல் சொல்வது: கணினி, புள்ளியியல், உயிரியல், சட்டம் என ஏதாவது ஒன்றைத் துணைப் பாடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் எழுத்துத் திறமையோடு வருபவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். எழுத்தோடு இன்னொன்றும் தெரிந்தவர்கள் குறைவு.

பதிப்பகத்தில் காப்பி எடிட்டர் வாக்கியத்தையும் தகவலையும் சரிபார்ப்பார். ப்ரூஃப் பார்ப்பவர் அச்சுக்குப் போகும் முன் கடைசியாக மிஞ்சிய பிழைகளைப் பிடிப்பார். இரண்டுக்குமே வேலைக்கு எடுக்கும் முன் பெரும்பாலும் தேர்வு வைப்பார்கள், பட்டத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. பள்ளி ஆசிரியராகப் பெரும்பாலான இடங்களில் தனியாகக் கற்பித்தல் தகுதி வேண்டும். பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் முனைவர் பட்டம், அதற்கப்புறமும் நிரந்தர இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்திரிகை, விளம்பரம், மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது எல்லாம் உண்டு. சட்டத்துக்கும் போகலாம், அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேரும் முன் வாங்கும் பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். தொடக்கச் சம்பளம் பொறியியல் படித்த நண்பரைவிடக் குறைவாக இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ வந்தபின் இதெல்லாம் நிற்குமா என்று கேட்பீர்கள். விற்பனைப் பொருள்களுக்கான விளக்கம், ஒரே மாதிரியான இணையக் கட்டுரை போன்ற மேலோட்டமான எழுத்து வேலைகள் குறைந்து வருகின்றன. அவற்றை நம்பி இறங்காதீர்கள். இயந்திரம் நம்பிக்கையோடு எழுதித்தரும் தவறைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது. அதற்கு அந்த 'எந்த வரியை வைத்து?' பழக்கம் உதவும்.

கதை எழுதியே பிழைக்க நினைத்தால் மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்று கூடவே இருக்கட்டும். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மோரிசன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1955-ல் ஆங்கிலத்தில் முதுகலை முடித்தவர். பதிப்பக எடிட்டராக வேலை பார்த்துக்கொண்டேதான் 1970-ல் முதல் நாவலை வெளியிட்டார். கவிஞர் டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை வங்கி ஊழியர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப் பட்டியலைவிட இதைக் கேளுங்கள்: ஒரு பருவத்தில் எத்தனை கட்டுரை எழுத வேண்டும், திருத்தங்களோடு திரும்பி வருமா, மாற்றி எழுதச் சொல்வார்களா? ஆண்டு இறுதித் தேர்வு மட்டும்தான் என்றால் குறிப்புகளை மனப்பாடம் செய்தே தேறிவிடலாம், எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். வேறு கல்லூரி வாய்க்கவில்லை என்றால் அந்தப் பயிற்சியை மாணவர் இதழில் தேடிக்கொள்ளுங்கள், அங்கே கதை கொடுப்பதைவிட மற்றவர் கட்டுரைகளை எடிட் செய்யும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள பிரதி இரண்டையும், எழுதியவரின் சம்மதத்தோடு, எடுத்து வையுங்கள். எடிட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அதைவிட நல்லது கிடைக்காது. இரண்டாம் ஆண்டு விடுமுறைக்குள் ஒரு இன்டர்ன்ஷிப்புக்கும் முயன்று பாருங்கள். இறுதியாண்டில் தேடத் தொடங்கினால் தேர்வும் அதுவும் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும்.