குடித்தனக்காரர்களோடு சேர்த்து வீடு வாங்கலாமா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. ஓய்வுப் பணமும் ஊரில் நிலம் விற்ற பணமுமாகக் கையில் 55 லட்சம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் மூன்று போர்ஷன் கொண்ட பழைய வீடு ஒன்று 48 லட்சத்துக்கு வருகிறது. கீழே முன்பக்கம் 7,000, பின்பக்கம் 6,000 வாடகை. மாடி லீசில் இருக்கிறதாம். அதையும் வாடகைக்கு விட்டால் மாதம் 20,000 நிச்சயம் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? இப்போது இருக்கும் குடித்தனக்காரர்களை என்ன செய்வது?

பதில்: முதலில் மாடியைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

மாடியில் இருப்பவர் மாத வாடகை தருவதில்லை. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடத்துக்கென்று குடியிருக்கிறார். காலி செய்யும்போது அந்தப் பணம் அப்படியே அவருக்குத் திரும்பி வர வேண்டும். தொகை நாலு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் அதை எப்போதோ செலவழித்திருப்பார். நீங்கள் 48 லட்சத்தை எண்ணிக் கொடுத்துப் பத்திரம் முடித்த பிறகு, மாடிக்காரர் பணத்துக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார். யார் தர வேண்டும் என்று வழக்காடலாம்தான். ஆனால் அது முடியும்வரை அவர் காலி செய்யப் போவதில்லை, உங்களுக்கும் மாடியிலிருந்து ஒரு பைசா வராது.

இது வில்லங்கச் சான்றில் தெரியாதா என்றால், பெரும்பாலும் தெரியாது. இந்த மாதிரி லீஸெல்லாம் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி, யாரும் பதிவு செய்வதில்லை. “எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்பதும் எடுபடாது. ஒரு சொத்தில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று குடித்தனத்தையும் நேரில் பாருங்கள், புரோக்கர் கூட வராமல். எத்தனை வருடமாக இருக்கிறார்கள், வாடகை என்ன, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார்கள், எழுத்து உண்டா என்று கேளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பத்து வருடமாக இருப்பவர்கள் உண்டு. பிறகு இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி, குடித்தனக்காரரும் விற்பவரும் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால், அந்த வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

கீழ் இரண்டு போர்ஷனின் அட்வான்ஸும் மாடியின் லீஸ் தொகையும் விலையில் கழிய வேண்டும். கிரய ஒப்பந்தத்திலேயே இதை எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இதைவிடச் சுலபமான வழி, மாடியைக் காலி செய்து கொடுத்தால்தான் பதிவு என்று சொல்லிவிடுவது.

சரி, கணக்குக்கு வருவோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 48 லட்சத்துக்கு இதுவே 4,32,000 ரூபாய். புரோக்கர் கமிஷன், பத்திர எழுத்தர், வக்கீல், வாங்கியதும் செய்ய வேண்டிய சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் 54 லட்சத்தைத் தொட்டுவிடும். வாடகை முழுசாக வந்தால் வருடத்துக்கு 2,40,000. இதில் சொத்து வரி, தண்ணீர் வரி, மோட்டார் காயில் போவது, ஆள் மாறும்போது வெள்ளையடிப்பது, ஏதாவது ஒரு போர்ஷன் ஒரு மாதம் காலியாகக் கிடப்பது எல்லாம் போக இரண்டு லட்சம் நின்றால் பெரிது. அதாவது 3.7 சதவீதம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. அதில் போடக்கூடிய உச்சவரம்பான 30 லட்சத்துக்கு அந்த விகிதத்தில் வருடம் 2,46,000 வரும், அதுவும் குழாய் உடைந்தது என்று ராத்திரியில் போன் வராமல்.

வீட்டின் மதிப்பு ஏறும், டெபாசிட் ஏறாதே என்பீர்கள். உண்மைதான். வாடகை வருமானத்தில் நீங்கள் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை அப்படியே கழித்துவிட்டுத்தான் வருமான வரி, வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் 55 லட்சத்தில் 54-ஐ ஒரே வீட்டில் போட்டுவிட்டால் மருத்துவச் செலவுக்குச் சுவரையா விற்க முடியும்? என் கருத்து: லீஸ் தொகையும் அட்வான்ஸும் கழிந்து, அதற்கு மேலும் விலை இறங்கி, எல்லாச் செலவும் சேர்த்து 45 லட்சத்துக்குள் அடங்கினால் வாங்குங்கள். 48-க்கு வேண்டாம்.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு கொத்தனாரையும் கூட்டிப் போங்கள். பழைய வீடு என்கிறீர்கள், மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம். மேலே அண்ணாந்து பார்த்து உத்தரக் கட்டைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் அரித்த கட்டை பொத்தென்று ஒலிக்கும். மொட்டை மாடியில் தட்டோடு எங்கே பெயர்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையைப் பாருங்கள். சுவரில் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் மின்னுகிறதா? ஓதத்தை மறைத்திருக்கிறார்கள். கட்டிலுக்குப் பின்னாலும் சிலிண்டருக்குப் பின்னாலும் பெயிண்ட்காரர் கை போயிருக்காது, அங்கே சுவர் உப்புப் பூத்திருக்கும்.

பத்திரங்களில் தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது, 30 வருட வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். நீங்களாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஸ்ரீரங்கம் என்பதால் முதல் கேள்வி, அடிமனை, அதாவது கட்டடம் நிற்கும் நிலம், யாருடையது? கட்டடம் ஒருவர் பெயரிலும் அடிமனை கோயிலுக்கு என்றும் இருந்தால், அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் பதிவே நடக்காது. இரண்டாவது, பாட்டனார் காலத்துச் சொத்தென்றால் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா, அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்கிறார்களா? “அக்கா ஒண்ணும் கேட்க மாட்டாங்க” என்கிற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவானால், இருக்கும் குடித்தனக்காரர்களைக் காலி செய்ய வேண்டுமென்ற அவசியமில்லை. ஒழுங்காக வாடகை தரும் பழைய ஆள், முகம் தெரியாத புது ஆளைவிட மேல். ஆனால் எழுத்து வேண்டும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, பதினோரு மாதமானாலும் சரி, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அரசு இணையதளத்திலேயே பதியலாம். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவது, வெள்ளையடிப்பு யார் செலவு, மோட்டார் கரண்ட்டை எப்படிப் பிரிப்பது, பைக் எங்கே நிற்பது எல்லாம் அதிலேயே இருக்கட்டும். சண்டை பெரும்பாலும் பைக்கிலும் துணிக்கொடியிலும்தான் ஆரம்பிக்கும். வாடகை பாக்கி வைத்தால் நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றம் போகலாம். கோபத்தில் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்திவிடாதீர்கள், அது உங்கள் மேல்தான் திரும்பும்.

மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி மின் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே இணைப்பில் சப்மீட்டர் வைத்திருந்தால் இலவச 100 யூனிட் மூவருக்கும் சேர்த்து ஒருமுறைதான். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை கூடிவிடும். அந்த பில்லை மூன்றாகப் பிரித்து வாங்குவதற்குள் உங்களுக்குத் தலைவலி வந்துவிடும். தனி இணைப்புக்கு ஆகும் செலவையும் விலை பேசும்போது சொல்லுங்கள்.

பதிவு முடிந்த வாரத்திலேயே சொத்து வரி, மின் இணைப்பு, பட்டா மூன்றுக்கும் பெயர் மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். கூடவே, இந்தத் தேதியிலிருந்து வாடகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும் என்று, விற்றவரின் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் போட்ட கடிதம் ஒவ்வொரு போர்ஷனுக்கும் போகட்டும். அது போகாவிட்டால் அடுத்த மாத வாடகையும் பழைய உரிமையாளர் கைக்கே போய்ச் சேரும், குடித்தனக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது.