படுக்கையின் நீளம் சரி, கால் மாடம் எவ்வளவு? – பிசினஸ் கிளாஸ் இருக்கை தேர்வு

கேள்வி: என் உயரம் 6 அடி 1 அங்குலம். ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. மனைவியுடன் 10 மணி நேர இரவுப் பயணம். "புத்தம் புதிய ஏ350, முழுப் படுக்கையாகும் இருக்கை" என்கிறது விமான நிறுவனம். நம்பிப் பணம் கட்டலாமா? எந்த இருக்கையை எடுப்பது?

பதில்: கட்டலாம். ஆனால் அந்த விளம்பர வரியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். "புதிய ஏ350" என்றால் காற்றும் அமைதியும் நன்றாக இருக்கும் என்று நம்பலாம். படுக்கையைப் பற்றி அதில் எந்தத் தகவலும் இல்லை. விமானத்தைக் கட்டுவது ஏர்பஸ். இருக்கையைச் செய்வது காலின்ஸ், சாஃப்ரான், தாம்ப்சன், ரெகாரோ போன்ற தனி நிறுவனங்கள். அவற்றில் எதை, எந்த நெருக்கத்தில் பொருத்துவது என்று முடிவு செய்வது விமான நிறுவனம். கத்தார் ஏர்வேஸின் கதவு வைத்த கியூ சூட் என்ற பிசினஸ் இருக்கை 2017இல் முதன்முதலில் வந்தது போயிங் 777இல். 777 சேவைக்கு வந்ததோ 1995இல். பழைய ரக விமானத்தில் அருமையான இருக்கையும், புது விமானத்தில் சுமாரான இருக்கையும் அமையலாம்.

விமானம் தருவது எது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஏ350, போயிங் 787 இரண்டின் உடலும் பெரும்பாலும் கார்பன் இழைக் கலவை. அலுமினிய உடல் போல இது அழுத்த மாற்றத்தால் நாளடைவில் பலவீனமடைவதோ அரிப்பதோ அவ்வளவு இல்லை. அதனால் கேபினுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டியும், ஈரப்பதத்தைச் சற்று அதிகமாகவும் வைக்க முடிகிறது. பல பழைய விமானங்களில் கேபின் அழுத்தம் சுமார் 8,000 அடி மலை உச்சியில் இருப்பது போல. இவற்றில் சுமார் 6,000 அடி. காலையில் தலைபாரமும் தொண்டை வறட்சியும் குறைவதை உணர்வீர்கள். முழங்காலுக்கு இதனால் பெரிய லாபமில்லை. அது முழுக்க இருக்கையைப் பொறுத்தது.

இப்போது படுக்கை. அநேகமாக எல்லா நிறுவனமும் 76 முதல் 80 அங்குலம் வரை நீளம் சொல்லும். 78 அங்குலம் என்றால் 198 செ.மீ.; உங்கள் உயரம் 185 செ.மீ. கணக்கு இடிக்கவில்லை. ஆனால் அந்த நீளத்தின் கடைசிப் பகுதி, முன்னால் இருப்பவரின் பக்க மேசைக்கு அடியில் நுழையும் ஒரு சிறு பெட்டி. விளக்கு மாடம் போல இருக்கும். கால் மாடம் என்று வைத்துக்கொள்வோம். நெட்டையானவர்களின் தூக்கம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் பாதம் 28 செ.மீ. நீளம் இருக்கும் என்று கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் விரல்கள் மேலே நிற்கும், மாடத்துக்கு அந்த அளவு உயரம் வேண்டும். ஒருக்களித்தால் பாதமும் பக்கவாட்டில் சாயும், அதே அளவு அகலம் வேண்டும். பல மாடங்கள் நுனிக்குப் போகப்போகக் குறுகுகின்றன. அதில் புரண்டு படுக்க வேண்டுமானால் காலை வெளியே இழுத்துத் திருப்பி மறுபடி நுழைக்க வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு இரவில் நாலைந்து முறை இது நடந்தால் போதும், காலையில் நொண்டுவீர்கள்.

அடுத்தது தோள். "21 அங்குல அகலம்" என்று போட்டிருந்தால் அது உட்காரும் மெத்தையில் எடுத்த அளவாக இருக்கும். படுக்கும்போது தோள் போகும் இடம் வேறு. நடைபாதைப் பக்கக் கைப்பிடியை மெத்தை மட்டத்துக்கு இறக்க முடிந்தால் பல செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும், மடக்கிய முழங்காலுக்கும் இடம் வரும். கைப்பிடி இறங்குமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள்; பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. கதவு இருப்பது அந்தரங்கத்துக்கு நல்லதுதான், ஆனால் கதவின் தடிமனும் அதே இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உங்களுக்குக் கதவைவிட இறங்கும் கைப்பிடி முக்கியம்.

இருக்கை வரைபடத்தில் 1-2-1 என்று இருந்தால் (இரு ஜன்னலோரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு) ஒவ்வொருவருக்கும் நேரடியாக நடைபாதை உண்டு. 2-2-2 என்றால் ஜன்னலோரம் இருப்பவர் பக்கத்து ஆளின் நீட்டிய காலைத் தாண்டித்தான் போக வேண்டும். முழங்கால் வலியோடு அது வேண்டவே வேண்டாம். (ஜப்பான் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏபெக்ஸ் சூட் என்ற இருக்கை ரகம் விதிவிலக்கு, 2-2-2 ஆனாலும் ஜன்னல் இருக்கைக்குத் தனி வழி உண்டு.) 1-2-1இலும் இரண்டு முக்கிய அமைப்புகள். ஜன்னல் இருக்கைகள் ஜன்னலை நோக்கியும், நடு இருக்கைகள் ஒன்றை நோக்கி ஒன்றும் சாய்ந்திருந்தால் அது ரிவர்ஸ் ஹெரிங்போன். எல்லா இருக்கையும் நேராக இருந்து, வரிசைக்கு வரிசை மாறி மாறி ஜன்னலோரமும் நடைபாதையோரமும் தள்ளி நின்றால் ஸ்டாகர். ஸ்டாகரில் மாடம் குறுகலாக இருப்பது அடிக்கடி காணும் குறை. ஒருக்களித்துப் படுப்பவருக்கு நான் ரிவர்ஸ் ஹெரிங்போனையே சொல்வேன்.

அதிலும் ஒரு குறை உண்டு. பல மாடல்களில் கெண்டைக்காலைத் தாங்கும் பலகை கிடையாது. முழுதாகப் படுக்கும்போதுதான் மெத்தையும் எதிரே உள்ள கால்மேடையும் ஒட்டிச் சேரும். பாதி சாய்ந்த நிலையில் படம் பார்த்தால் முழங்காலுக்கு அடியில் வெற்றிடம். கூடுதல் தலையணை ஒன்று கேட்டு வாங்கி அங்கே வையுங்கள்.

பொத்தானை அழுத்தினால் படுக்கையாக மாறாத ரகமும் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2013இல் 777-300இஆரில் கொண்டுவந்த இருக்கையில், எழுந்து நின்று, முதுகுப்பலகையை முன்பக்கம் கவிழ்த்தால்தான் படுக்கை. மெத்தை சமதளமாக, உறுதியாக இருக்கும். ஆனால் கால் மூலைவாட்டாகப் போகும், நிலை மாற்ற ஒவ்வொரு முறையும் எழ வேண்டும். உங்களுக்கு அது ஒத்துவராது.

எந்த வரிசை? முதல் வரிசை. முன்னால் வேறு இருக்கை இல்லாமல் தடுப்புச் சுவர் மட்டும் இருப்பதால், மற்ற வரிசைகளில் பெட்டியாக இருக்கும் கால் மாடம் பல விமானங்களில் இங்கே அகலமான திறந்த பெஞ்சாக மாறிவிடுகிறது. அதே கட்டணத்தில் கிடைக்கும் பெரிய வசதி இது. பிசினஸ் கேபின் இரண்டாகப் பிரிந்திருந்தால் பின்பகுதியின் முதல் வரிசைக்கும் இது பொருந்தும். பாதகம் என்னவென்றால், குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பெரும்பாலும் அங்கேதான். சமையலறை வெளிச்சமும் கழிப்பறைக் கதவுச் சத்தமும் எட்டலாம். காது அடைப்பானும் கண் மறைப்பும் வைத்துச் சமாளிக்கக்கூடியவை அவை. குறுகிய மாடத்துக்கு அப்படி மாற்று கிடையாது. லுஃப்தான்ஸா 2024இல் தொடங்கிய அலெக்ரிஸ் என்ற புதிய கேபின் அமைப்பில் ஒரே பிசினஸ் கேபினுக்குள் பல ரக இருக்கைகள் உண்டு. நீளப் படுக்கை வேண்டுமென்றால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே எந்த நிறுவனமானாலும் இருக்கை எண்ணை நீங்களே குறித்து எடுங்கள்.

எந்தப் பக்கம்? உங்கள் வலது முழங்காலுக்கு, நடைபாதை இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போது எழும்போது இடது கால் முதலில் தரையில் ஊன்றி பாரத்தை வாங்கும். விமானத்தின் மூக்கை நோக்கி நின்று பார்த்தால் அது வலப்பக்க ஜன்னல் இருக்கை அல்லது நடு ஜோடியில் இடப்பக்க இருக்கை. மனைவியோடு போவதால் முதல் வரிசை நடு ஜோடி; இடப்பக்கம் உங்களுக்கு. இருவருக்கும் தனித்தனி நடைபாதை கிடைக்கும், இரவில் எழுந்தாலும் ஒருவரை ஒருவர் எழுப்ப வேண்டியதில்லை.

முன்பதிவு செய்தபின் ஒரு வாரத்துக்கு முன்பும், இரண்டு நாளுக்கு முன்பும் இருக்கை வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள். விமானம் மாற்றப்பட்டால் உங்கள் எண் கேட்காமலே வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஒரே நிறுவனத்திடம் ஒரே ரக விமானம் இரண்டு மூன்று இருக்கை அமைப்புகளில் இருப்பது சகஜம். வரிசை எண்ணிக்கையோ 1-2-1 அமைப்போ மாறியிருந்தால் உடனே அழைத்து மாற்றிக் கேளுங்கள்.

ஏறி உட்கார்ந்ததும், கதவு மூடுவதற்குள், இருக்கையை முழுதாகப் படுக்க வைத்து மறுபடி நிமிர்த்திப் பாருங்கள். மோட்டார் சிக்கினால் பணியாளர் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுப்பார். பல நேரம் அதிலேயே சரியாகும். இல்லையென்றால் கையால் இயக்கும் விடுவிப்பு உண்டு, அதைப் பணியாளரே செய்யட்டும். தரையில் இருக்கும்போது தெரிந்தால் இடம் மாறவாவது வாய்ப்பிருக்கும்.

பெல்ட் தடித்துக் கனமாக இருந்தால் உள்ளே காற்றுப்பை இருக்கிறது என்று பொருள். சாய்வாகப் பொருத்திய இருக்கைகளில் மோதலின்போது உடல் பக்கவாட்டில் போகும் என்பதால் அது தேவைப்படுகிறது. படுக்கும்போது பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கினாலும் சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள்.

கைபேசி இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதீர்கள். இயந்திரம் நசுக்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். கையைவிட்டுத் துழாவவும் வேண்டாம். அப்படியே எழுந்து நின்று பணியாளரை அழையுங்கள்.