திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டும் அலங்காரப் பட்டையைச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. கிழிந்த பட்டுச் சேலையின் ஜரிகை பார்டர் இருந்தால் போதும். முதலில் திரையைக் கையால் ஒதுக்கிப் பிடித்து, அதைச் சுற்றி டேப்பை லூசாக ஓட்டி அளவெடுங்கள். ஜன்னல் திரைக்குப் பெரும்பாலும் 50 முதல் 60 செ.மீ. வரும். இரு முனையிலும் 3 செ.மீ. கூடுதலாக விட்டு பார்டரை வெட்டி, பின்பக்கம் பழைய ஜீன்ஸ் துணி வைத்துத் தையுங்கள். பார்டர் மட்டும் இருந்தால் சீக்கிரமே சுருண்டுவிடும், அதற்குத்தான் இந்த ஜீன்ஸ். அப்புறம் முனைகளை மடித்து முனைக்கொரு சாவி வளையம் கோத்துத் தைத்து, சுவர்க் கொக்கியில் மாட்டுங்கள்.

கொக்கியைத் திரையின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அடிப்பது நல்லது. சரியாக நடுவில் அடித்தால் இடுப்பில் பெல்ட் போட்ட மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது.

தையல் வராதென்றால் மூன்று துணிப் பட்டைகளைச் சடையாகப் பின்னி, முனைகளை நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பருத்தித் துணி என்றால் பின்னல் நழுவாது.