"டோஸை மூன்று தடவை பார்க்கிறேன், டாக்டர்"

கேள்வி: எனக்கு வயது 38. 14 வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். ஷிஃப்ட் மாறிமாறி வரும். நைட் டூட்டி முடிந்து வந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை. இடுப்பு வலி வேறு. ஒரு தடவை பார்த்தாலே போதும் என்றிருந்த டோஸை இப்போது மூன்று தடவை பார்க்கிறேன். நோயாளிகளிடம் எரிந்து விழுகிறேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுகிறேன். இந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விட்டேனா?

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் நீண்ட காலமாக ஓய்வு கிடைக்காத உடம்பு காட்டும் அறிகுறிகள்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வையும் கவனக்குறைவையும் தரும். தினமும் எத்தனையோ பேருக்கு ரத்தம் எடுக்கிறீர்கள். உங்கள் ஹீமோகுளோபினைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அதில் கோளாறு இல்லையென்றால், இது பர்ன்அவுட்டாக இருக்கலாம். தீராத சோர்வு, வேலையின் மீது வெறுப்பு, 'என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் இதன் அடையாளங்களாகச் சொல்கிறது. தணியாத பணி அழுத்தத்தால் வருவது என்றுதான் அது வரையறுக்கிறது. அதனால் உங்கள் மனஉறுதியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே அவருக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடியது.

பணித்திறனை அளக்கவும் வழியுண்டு. பின்லாந்தில் உருவான பணித்திறன் குறியீட்டின் முதல் கேள்வி இது: உங்கள் வாழ்நாளின் மிகச் சிறந்த பணித்திறனுக்கு 10 மதிப்பெண் என்றால், இன்றைக்கு எத்தனை? 5 அல்லது அதற்குக் கீழே என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஓய்வும் பணி மாற்றமும் கிடைத்தால் அந்த எண் மறுபடி ஏறும்.

நைட் டூட்டி இடைவேளையில் 20 நிமிடம் கண்ணை மூட முடிந்தால் மூடுங்கள். ஷிஃப்டின் பின்பாதியில் காபி, டீ வேண்டாம். வீட்டுக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாக இருட்டாக்கிய அறையில் படுங்கள். தூக்க மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தொழில் உங்களுடையது. தயவுசெய்து நீங்களாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கண்காணிப்பாளரிடம் 'முடியவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் பலன் குறைவு. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிஃப்ட் சுழற்சி, தொடர்ச்சியான இரவுகளில் குறைப்பு, நோயாளியைப் படுக்கை மாற்றும்போது இன்னொரு ஆளோ, தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்குத் துணியோ என்று குறிப்பாக எழுதிக் கொடுங்கள். இடுப்புக்கு மாத்திரையை விட இந்தக் கடைசிக் கோரிக்கை உதவும். காலில் மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ராஜினாமா முடிவை, தொடர்ந்து நைட் பார்த்த வாரத்தில் எடுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'இருந்து என்ன பயன்' என்று ஒரு தடவை தோன்றினால்கூட, அன்றைக்கே போங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.